நுழைவதெல்லாம் பொருந்துமா?

ரிவால்வருக்குள் தோட்டா சரியாக நுழைந்துவிட்டால் சுடலாமா? கூடாது என்கிறது அமெரிக்க .38 ரிவால்வர்களின் வரலாறு.

.38 ஸ்பெஷல் தோட்டா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. 1930-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கனமான ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. அதற்கென வந்த .38-44 தோட்டாவில் அழுத்தம் அதிகம், அளவோ பழைய.38 தான். ஆகவே மெல்லிய சிலிண்டர் கொண்ட சிறிய ரிவால்வரிலும் அது நுழைந்தது. ஆபத்தே இதுதான்!

1935-ல் வந்த .357 மேக்னத்தின் கூட்டை மட்டும் சுமார் 3 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். பழைய .38 ரிவால்வரில் அது நுழையாது.

ஆனால் 1970களில் வந்த 'பிளஸ் பி' தோட்டாவுக்கு இந்தத் தடுப்பு இல்லை. .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. பிளஸ் பி-க்கு இன்று 20,000. நீளம் ஒன்றே. வித்தியாசத்தைச் சொல்வது அடியில் பொறித்த எழுத்து மட்டுமே.

1958-க்கு முந்தைய நடுத்தர ரிவால்வர்களிலேயே பிளஸ் பி கூடாது என்கிறது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். அப்படியானால் அதைவிடச் சிறிய பழையவற்றின் நிலை? ஒருமுறை வெடிக்காதது பாதுகாப்புக்குச் சான்றல்ல. உலோகத்தின் தேய்மானம் ஒவ்வொரு சூட்டிலும் சேர்ந்துகொண்டே போகிறது.