கல்வெட்டும் வலைப்பக்கமும்

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம் பகுதியிலிருந்து வலைத்தள வடிவமைப்புப் பயிலச் செல்லும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குப் பொருள் தேடுவதுண்டு. அவர்கள் முதலில் படிக்க வேண்டியது இணையத்தில் தமிழ் நுழைந்த வரலாறு என்பது எம் கருத்து. எழுதியது எதனால் அழிகிறது, எதனால் நிலைக்கிறது என்பதை அது கற்பிக்கிறது.

1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறின. அவற்றுள் தமிழ்ப் பகுதி உருவாக உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அவர் பொறியாளர் அல்லர். சிறுகதை எழுத்தாளர், தமிழ் விரிவுரையாளர். இலக்கியம் பயின்றோர்க்கு இத்துறையில் என்ன வேலை என்று கேட்போர்க்கு அவர் வாழ்வே விடை. 1999-இல் அவர் மறைந்தார்.

அக்காலத்துப் பெருஞ்சிக்கல் எழுத்துருக் குறியீடு. ஒவ்வோர் இதழும் நிறுவனமும் தத்தமக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. ஓரிடத்தில் 'க' என்று தோன்றிய குறி மற்றோரிடத்தில் பொருளற்ற கிறுக்கலாயிற்று. 1999 சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு தமிழ்நெட்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் ஏற்றது. அயலகத் தமிழர் பலர் டிஸ்கியைக் கையாண்டனர். ஒருங்குறியிலோ 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தது. கணினிகளில் அது பரவலாகப் பயன்படப் பல ஆண்டுகள் சென்றன. 2010-இல்தான் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவற்றுள் மாற்றப்படாதவை இன்று படிக்க இயலாதவை. ஜியோசிட்டீஸ் இலவசத் தளத்தை 2009-இல் யாகூ மூடியபோது எண்ணற்ற பக்கங்கள் மறைந்தன. மாறாக, 1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. தன்னார்வலர் தட்டச்சிட்ட அந்நூல்களில் அலங்காரம் இல்லை, எழுத்து மட்டுமே இருந்தது. அதனாலேயே குறியீடு மாறியபோது அவற்றையும் மாற்ற முடிந்தது.

இப்பாடம் உத்திரமேரூர்ச் சுவரிலும் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இல் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகளைச் சபையார் 921-இல் திருத்தினர். முன்னது 30 முதல் 60 வயது வரை என்றது. பின்னது 35 முதல் 70 வரை என்றது. பழையதை அழிக்கவில்லை, இரண்டும் ஆட்சியாண்டுடன் நிற்கின்றன. திருத்தம் நேர்ந்ததை நாம் அறிவது அதனால்தான்.

ஆகவே மாணவர்க்கு நாம் சொல்வன சில. உலகம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் ஓர் ஊரை எடுங்கள்: திருப்புலிவனத்துச் சிவன் கோயில், ஏரிகள், முதியோர் சொல்லும் வழக்குச் சொற்கள். முதல் மாதம் செய்தி திரட்டவே போதும்; நிறமும் அசைவும் பிறகு. கல்வெட்டைப் படமாக மட்டும் இடாமல், அச்சான பாடத்துடன் ஒப்பிட்டு ஒருங்குறியில் தட்டச்சிடுங்கள். ஐயமுள்ள எழுத்தை ஐயமென்றே குறியுங்கள். பக்கந்தோறும் நாளும் சான்றும் இடுங்கள். எளிய கைப்பேசியில், மெதுவான இணைப்பில் திறந்து பாருங்கள். மதிப்பெண் வந்தபின் இலவச இடத்தில் கைவிடாமல், கோப்புகளின் படியொன்றைக் கல்லூரி நூலகத்திலும் வையுங்கள்.

பத்தாண்டு கழித்து இன்னொரு மாணவர் திறந்து, படித்து, திருத்தக்கூடிய தளமே நல்ல திட்டப்பணி.