அரைப்பேரும் அட்சரகணிதமும்

அட்டன், நுவரெலியா லயங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு அட்சரகணித வீட்டுப்பாடத்தை வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. அம்மா அப்பாவுக்கு அறிவில்லாததால் இல்ல, காரணம் வரலாறு. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

ஆனா அம்மாவுக்குக் கணக்கு புதுசா? நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கணும்னு வைப்போம். குறைஞ்சா அரைப்பேர். 25 கிலோ எடுத்தால் மேலதிகம் எக்ஸ்: 18 + எக்ஸ் = 25. இரு பக்கமும் 18ஐக் கழித்தால் எக்ஸ் = 7. இந்தச் சமன்பாட்டைத் தராசடியில் நின்று மனசுக்குள்ளேயே போட்டவங்கதான் நம்ம அம்மாமார். கணக்கப்பிள்ளை ஒரு கிலோ குறைச்சு எழுதினாலும் கண்டுபிடிக்க வேற வழியில்ல.

தம்பி தங்கச்சிக்கு நாம் எக்ஸைச் சொல்லித்தரும்போது அந்தத் தராசிலிருந்தே தொடங்குவோம்.