பச்சைக்கிளியும் கூண்டும்

திருநின்றவூர் ஏரிப் பக்கம் சாயங்காலம் நின்றால், பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டே கூட்டமாகப் பறப்பதைப் பார்க்கலாம். அந்தக் கிளியின் சரித்திரம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். நீளம் சுமார் 40 செ.மீ. அதில் பாதிக்கு மேல் வால்தான்! ஆண் கிளிக்குக் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஒரு வளையம் உண்டு. அது வளர மூன்று வருஷம் வரை ஆகும். மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போன பொந்துகள், பட்டுப்போன பனைமரங்கள், இவைதான் வீடு. நம் பக்கம் தை, மாசி வாக்கில் முட்டையிடும். அடைகாக்க சுமார் மூன்று வாரம். பொரித்த குஞ்சு பறக்க இன்னும் ஏழு வாரம்.

1769ல் ஸ்கோபோலி என்ற விஞ்ஞானி இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். தமிழனுக்கு அதற்கு 1,500 வருஷம் முன்பே பழக்கம். சங்கப் பாடல்களில் பெண்கள் தினைப்புனத்தில் தட்டை, தழல், குளிர் என்ற கருவிகளை வைத்துக்கொண்டு கிளி ஓட்டுவார்கள். அங்கே கிளி, கதிரைத் தின்ன வரும் திருடன்.

அப்புறம் கூண்டுக்குள் எப்படி வந்தது? பேச்சுதான் காரணம். கி.மு. 400 வாக்கிலேயே டீசியஸ் என்ற கிரேக்கர், இந்தியாவில் பேசும் பறவை இருப்பதாக எழுதிவிட்டார். தவளை மட்டுமா தன் வாயால் கெடும்?

இங்கே ஒரு வியாபாரக் கணக்கு (பி.காம். படிக்கிறவன் புத்தி வேறெங்கே போகும்!). நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று வாங்கும் குட்டிக் கிளிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலிய இனம். 1840ல் ஜான் கோல்ட் என்பவர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்கிறது. அதாவது, அது உற்பத்தி. நம் கடைத்தெருப் பச்சைக்கிளி அப்படி இல்லை. பெரும்பாலும் பொந்துக்குள் கைவிட்டு எடுத்த குஞ்சு. ஜோசியக்காரர் கூண்டானாலும் நம் வீட்டு வராந்தா கூண்டானாலும், ஒரு கிளி கூடினால் காட்டில் ஒன்று குறையும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990-91ல் நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதற்கும் விற்பதற்கும் தடை வந்தது. 2022ல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரலில் அமலானபோது, பச்சைக்கிளி இரண்டாவது அட்டவணையில் இடம் பிடித்தது. ஆசைக்கு வளர்த்தாலும் குற்றம்தான்.

தினைப்புனத்துப் பெண்கள் கிளியை ஓட்டத்தான் செய்தார்கள். ஓட்டினால் அது பறந்தாவது போகும். நாம் பாசம் என்று சொல்லி இறக்கையை வெட்டுகிறோம். கிளிக்கு எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.