தொழுகை நேரம் சொன்ன செயலி வேறு யாருக்கு என்ன சொன்னது?

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை அட்டவணை நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டதில்லை. கைப்பேசியில் உள்ள தொழுகைச் செயலிகள் முதலில் கேட்பதே அதைத்தான். நேரம் கணக்கிடவும் கிப்லா காட்டவும் இடம் தெரிய வேண்டும் என்பதால் நாமும் யோசிக்காமல் அனுமதி கொடுத்துவிடுகிறோம்.

2020 நவம்பரில் அமெரிக்காவின் வைஸ் ஊடகத்தைச் சேர்ந்த மதர்போர்டு தளம் ஒரு செய்தி வெளியிட்டது. 9.8 கோடிக்கும் மேல் பதிவிறக்கப்பட்டிருந்த 'முஸ்லிம் ப்ரோ' செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்ற நிறுவனத்துக்குப் போகிறது. அதனிடம் தகவல் வாங்குவோரில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்ததாரர்களும் உண்டு என்பதே அச்செய்தி. ராணுவத்துக்கு விற்றதாகச் சொல்வது பொய் என்று முஸ்லிம் ப்ரோ மறுத்தது. ஆனால் எக்ஸ்-மோடுடனான தொடர்பை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது! அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் நிரலைச் செயலிகளிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டன. 2021 ஜனவரியில் 'ஸலாத் ஃபர்ஸ்ட்' செயலி பற்றியும் இதே போன்ற செய்தி வந்தது.

இலவசச் செயலி நடத்துபவருக்கும் வருமானம் வேண்டும். தரவு வணிகர் ஒரு சிறிய நிரல் தொகுப்பைக் கொடுத்து, இதைச் செயலிக்குள் வைத்தால் பணம் தருகிறேன் என்கிறார். தொழுகைக்காக நாம் கொடுத்த அனுமதியை அந்த நிரலும் பயன்படுத்திக்கொள்கிறது. எந்தப் பள்ளிவாசலுக்கு எத்தனை மணிக்குப் போனோம், இரவில் எங்கே தங்கினோம் என்பதெல்லாம் சேர்ந்துவிடுகிறது. பெயரைச் சேர்ப்பதில்லையே என்பார்கள். கைப்பேசி தினமும் இரவில் இருக்கும் வீடு தெரிந்தபின் பெயர் எதற்கு?

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்கள் குறித்த தகவலை இந்த நிறுவனம் விற்கக் கூடாது என்ற ஆணையை அறிவித்தது 2024 ஜனவரியில்தான். அதற்குள் நிறுவனம் 'அவுட்லாஜிக்' என்று பெயரையே மாற்றிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் தொழுகை நேரம் கணக்கிட இணையமே தேவையில்லை. தேதி, ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்க வேண்டிய கோணம் (கராச்சி முறையில் இரண்டுக்கும் 18 பாகை), அஸருக்கு ஷாஃபியா ஹனஃபியா என்பது; இவ்வளவுதான். கைப்பேசியே கணக்கிட்டுவிடும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் சில விநாடிகளே மாறும். ஆக, ஊர்ப் பெயர் போதும், நாம் நிற்கும் தெரு வேண்டாம்.

இந்தக் கணக்கைச் செய்யும் 'அத்ஹான்' என்ற நிரல் நூலகம் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. நிரல் தெரிந்த எவரும் திறந்து படித்து, தகவல் வெளியே போகிறதா என்று பார்க்கலாம். திறந்த மூலம் என்றாலே பாதுகாப்பு என்று நாம் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் லினக்ஸில் பயன்படும் 'எக்ஸ்இசட்' கருவிக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தது தெரியவந்தது. உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர், நிரலைக் குடைந்து பார்த்துக் கண்டுபிடித்தார். பூட்டிவைத்த நிரலில் அப்படிக் குடைவது எளிதல்ல.

செயலியை மாற்ற விரும்புவோர் 'எஃப்-டிராய்டு' தளத்தில் தேடலாம். அங்கே திறந்த மூலச் செயலிகள் மட்டுமே உண்டு. பயனரைக் கண்காணிக்கும் அம்சம் தெரியவந்தால் அதையும் குறிப்பிடுகிறார்கள். பழைய செயலியே போதும் என்பவர்கள் கைப்பேசி அமைப்பில் இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டு, செயலியில் ஊரைக் கையால் தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் தோராயமான இருப்பிடம் மட்டும் கொடுக்கும் வசதியும் இருக்கிறது.