எரிந்த நூலகத்திலிருந்து எட்டியாந்தோட்டை வரை

1933இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா தம் வீட்டுப் புத்தகங்களை ஊராருக்கு இலவசமாகப் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். மறு வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை. உள்ளே 844 புத்தகங்கள். அந்த அறைதான் 1959இல் வெள்ளை வெளேரென்ற பொது நூலகமாக எழுந்தது. நூல்கள் ஏறத்தாழ 97,000 ஆகப் பெருகின. பிறகு 1981 மே மாதக் கடைசி இரவு வந்தது.

நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஓலைச்சுவடிகள், பழைய பத்திரிகைக் கட்டுகள், வேறெங்கும் பிரதி இல்லாத நூல்கள் எல்லாம் சாம்பல். ஈழத்தில் தமிழில் என்னென்ன அச்சேறின, மிஞ்சிய பிரதி எங்கே கிடக்கிறது என்று இனி யாரிடம் கேட்பது?

லண்டனில் குடியேறியிருந்த நூலகர் என். செல்வராஜா தேடிப் புறப்பட்டார். 2002இல் ‘நூல்தேட்டம்’ முதல் தொகுதி வந்தது. தொகுதிக்கு 1,000 நூல்கள். பல பதிவுகளின் அடியில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: இந்த நூல் இன்ன நூலகத்தில் இருக்கிறது, சேர்க்கை இலக்கம் இது. தொலைந்ததென்று கைவிட்ட உறவுக்கு விலாசம் கிடைத்தது போல. ஆனால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து லயத்தில் இருப்பவர் என்ன செய்வார்? வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. ஒரு புத்தகத்தைப் புரட்ட யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏற முடியுமா?

வழி சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. அங்கிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2005இல் தி. கோபிநாத்தும் மு. மயூரனும் அதே வழியில் ஈழத்து நூல்களை ஏற்ற இறங்கினார்கள். எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும், பிழை திருத்த வேண்டும். இந்த வேகத்தில் கறையானை எப்படி முந்துவது?

ஸ்கேனர் முந்தியது. பக்கத்தை அப்படியே படமெடுத்தால் போதும் என்றானதும் நாவல், சஞ்சிகை, கோயில் மலர், துண்டுப் பிரசுரம் எல்லாம் உள்ளே வந்தன.

அந்த முயற்சிதான் ‘நூலகம்’ இணையத்தளம். எட்டியாந்தோட்டையில் ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள் இன்று போனில் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையைத் தேடி ஒரு நூலைத் திறந்தால், நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஒரு சிறு பெட்டி விரிகிறது. கீழே ‘வாசிக்க’.

சப்ரகமுவத் தோட்டங்களின் பள்ளி மலர்களும் சங்கப் பிரசுரங்களும் இன்னும் எத்தனையோ வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. இரத்தினபுரி மழை ஊர். தாள் அதிக காலம் தாங்காது. அவற்றையும் ஸ்கேனருக்குக் கொண்டுபோக வேண்டும்.