வி.இ.ஜி.எஃப். எதிர்ப்பொருளின் வரலாறு: கண்டறிதல், தடுத்தல், அளவிடல்

ஆய்வுச்சுருக்கம்

மனித உடலில் புதிய இரத்தக்குழாய்கள் உருவாவதைத் தூண்டும் புரதங்களுள் முதன்மையானது வி.இ.ஜி.எஃப். அதன் வரலாறு பெரும்பாலும் புற்றுநோய் மருந்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை, அப்புரதத்தை ஆய்வகத்தில் இனங்காண உதவிய எதிர்ப்பொருளை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை அணுகுகிறது. ஓர் எதிர்ப்பொருள் எவ்வடிவத்தைப் பற்றுகிறதோ அவ்வடிவத்தை மட்டுமே ஆய்வாளருக்குக் காட்டுகிறது என்பதும், அவ்வரம்பை உணராதபோது முடிவுகள் முரண்பட்டன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எதிர்ப்பொருள், இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி, ஹைப்ரிடோமா, எலிசா, அறிவியல் வரலாறு.

முன்னுரை

கண்ணுக்குப் புலப்படாத பொருள்களை ஆராயும் துறைகளில் கருவியின் வரலாறும் அறிவின் வரலாறும் பிரிக்க இயலாதவை. ஒரு துளி இரத்தத்தில் உள்ள ஆயிரக்கணக்கான புரதங்களிலிருந்து ஒன்றைத் தனித்துக் காட்டும் கருவியாக எதிர்ப்பொருள் விளங்குகிறது. அக்கருவி எதைக் காண்கிறது, எதைக் காணத் தவறுகிறது என்னும் வினா வி.இ.ஜி.எஃப். ஆய்வில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. அவ்வினா எழுந்த சில முக்கியத் தருணங்களைக் காலவரிசையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மூலக்கூறு, இரு பெயர்கள்

புற்றுக்கட்டி ஓரளவுக்கு மேல் வளர வேண்டுமாயின் அதற்குப் புதிய இரத்தக்குழாய்கள் தேவை என்னும் கருதுகோளை 1971ஆம் ஆண்டு பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார். கட்டியே அதற்கான தூண்டுபொருளைச் சுரக்கிறது என்பது அவர் துணிபு. ஆயினும் அப்பொருள் யாது என்பது அன்று அறியப்படவில்லை.

1983இல் டொனால்ட் செங்கர், ஹெரால்ட் டுவோராக் ஆகியோரின் குழு, கினிப்பன்றியின் கட்டியிலிருந்து நுண்குழாய்களின் ஊடுருவுதிறனை விரைந்து மிகுவிக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தது. அதன் மூலக்கூறு எடை 34,000 முதல் 42,000 டால்டன் வரை என மதிப்பிடப்பட்டது. செயலின் அடிப்படையில் அதற்குக் ‘குழாய் ஊடுருவுதிறன் காரணி’ என்று பெயரிடப்பட்டது. 1989இல் ஜெனென்டெக் நிறுவனத்தின் நெப்போலியோன் ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரிச் செல்களிலிருந்து குழாய் உட்சுவர்ச் செல்களை மட்டும் பெருகச் செய்யும் புரதத்தைப் பிரித்து, ‘குழாய் உட்சுவர் வளர்ச்சிக் காரணி’ என்றழைத்தார். அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் அடுத்தடுத்து வெளிவந்த இரு கட்டுரைகள் இவ்விரு காரணிகளின் மரபுத்தொடர்களையும் வெளியிட்டன. அவற்றை ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே மூலக்கூறு என்பது தெளிவாயிற்று. தேடிய முறை வேறுபட்டதால் ஒரே பொருள் இரு பெயர்களைப் பெற்றது.

எதிர்ப்பொருள் உருவாக்கம்

இப்புரதத்தைத் துல்லியமாகப் பற்றும் கருவிக்கான அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலிச் செல்லையும் இடையறாது பெருகும் மைலோமாப் புற்றுச்செல்லையும் இணைத்து ஹைப்ரிடோமாவை உருவாக்கினர். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு, வேண்டிய காலம்வரை பெறும் வழி அதனால் பிறந்தது. இம்முறைக்குக் காப்புரிமை பெறப்படாததும் அது உலகெங்கும் விரைந்து பரவியதற்கு ஒரு காரணமாகும். 1984இல் அவ்விருவரும் நீல்ஸ் யெர்னேவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இம்முறையில் மனித வி.இ.ஜி.எஃப்.க்கு எதிராக ஜெனென்டெக் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட எலி எதிர்ப்பொருள்களுள் ஏ4.6.1 என்பது தனியிடம் பெற்றது. 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வில், மனிதப் புற்றுச்செல்கள் செலுத்தப்பட்ட எலிகளில் அது கட்டியின் வளர்ச்சியை ஒடுக்கியது. ஆனால் வளர்ப்புத் தட்டில் இருந்த அதே புற்றுச்செல்களின் பெருக்கத்தை அது பாதிக்கவில்லை. எனவே எதிர்ப்பொருள் புற்றுச்செல்லை நேரடியாகத் தாக்கவில்லை என்பதும், அச்செல்லுக்கு உணவளிக்கும் குழாய் உருவாக்கத்தையே தடுத்தது என்பதும் பெறப்பட்டன. ஃபோக்மனின் கருதுகோளுக்கு இது வலிய சான்றாக அமைந்தது. இவ்வெதிர்ப்பொருளை மனிதவயமாக்கிப் பெறப்பட்ட பெவாசிசுமாப் 2004இல் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கும், அதே மூலத்திலிருந்து வந்த ரானிபிசுமாப் 2006இல் முதுமைசார் விழித்திரைச் சிதைவின் ஈரவகைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

காணாத பகுதி

ஏ4.6.1 மனிதப் புரதத்தைப் பற்றும், எலியின் வி.இ.ஜி.எஃப்.ஐப் பற்றாது. மனிதக் கட்டி எலியுடலில் வளரும்போது, கட்டியைச் சூழ்ந்த எலித் திசுக்களும் வி.இ.ஜி.எஃப். சுரக்கின்றன. அப்பங்கினை இக்கருவியால் தடுக்கவும் இயலாது, கணக்கிடவும் இயலாது. இரு இனங்களின் புரதத்தையும் பற்றும் எதிர்ப்பொருள்கள் உருவாக்கப்பட்ட பின்னரே, சூழ்திசுவின் பங்கு 2006இல் அளவிடப்பட்டது. சில கட்டிகளில் அப்பங்கு புறக்கணிக்கத்தக்கதன்று என்பது அப்போது புலனாயிற்று. மனிதப் புரதத்தை மட்டும் பற்றும் தனித்தன்மை கருவியின் சிறப்பு. அதுவே அதன் வரம்புமாகும்.

அளவீட்டின் சிக்கல்கள்

எதிர்ப்பொருளால் அளவிடும் மரபு 1950களின் இறுதியில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோரின் கதிரியக்க முறையில் தொடங்கி, 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட எலிசா முறையால் பரவலாயிற்று. 1994இல் நீரிழிவு விழித்திரை நோய் குறித்த ஆய்வொன்று, 164 நோயாளர்களிடமிருந்து பெற்ற 210 கண்நீர்ம மாதிரிகளில் வி.இ.ஜி.எஃப்.ஐ அளந்தது. புதுக்குழாய்கள் தீவிரமாக வளர்ந்த கண்களில் அதன் அளவு மிக்கிருந்தது. பிற்காலக் கண் மருத்துவத்திற்கு இவ்வளவீடு வழிகாட்டியது.

இரத்தத்தில் அளந்தபோது நிலைமை சிக்கலாயிற்று. இரத்தத் தட்டுகள் வி.இ.ஜி.எஃப்.ஐச் சேமித்து வைத்திருந்து, இரத்தம் உறையும்போது வெளியிடுகின்றன. ஆகவே உறைந்த இரத்தத்திலிருந்து பெறும் சீரத்தில் காணப்படும் அளவு, உறையாத பிளாஸ்மாவில் உள்ளதைவிடப் பன்மடங்கு கூடுதலாகும். சீரத்தின் அளவைக் கட்டியின் சுரப்பாகக் கொள்வது, சோதனைக் குழாயில் நிகழ்ந்ததை நோயாளியின் உடலில் நிகழ்ந்ததாகக் கொள்வதேயாகும்.

இதனினும் கூர்மையான சான்று, கருவுற்ற பெண்களைப் பாதிக்கும் முன்சூல்வலிப்பு நோய் ஆய்வில் கிடைக்கிறது. 1990களில் சில ஆய்வுகள் இந்நோயில் வி.இ.ஜி.எஃப். உயர்கிறது என்றன, வேறு சில குறைகிறது என்றன. இரத்தத்தில் பிற புரதங்களுடன் பிணைந்துள்ள வி.இ.ஜி.எஃப்.ஐயும் சேர்த்து அளந்தவை முதல் வகை. கட்டற்ற வடிவத்தை மட்டும் அளந்தவை இரண்டாம் வகை. 2003இல் கருமாஞ்சி குழுவினர், இந்நோயில் நச்சுக்கொடி மிகுதியாகச் சுரக்கும் கரையும் ஏற்பி ஒன்று வி.இ.ஜி.எஃப்.ஐப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது என்று காட்டினர். மொத்த அளவு உயர்ந்திருக்கும் நிலையிலும் தாயின் இரத்தக்குழாய்கள் அக்காரணியின்றி வாடக்கூடும் என்பது இதனால் விளங்கியது. முரண்பட்ட இரு முடிவுகளும் தத்தம் கருவியளவில் பிழையற்றவை. ‘வி.இ.ஜி.எஃப்.’ என்னும் ஒரே பெயரில் இருவேறு பொருள்களை அளந்ததே பிழை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் ஒரு பொதுமையை உணர்த்துகின்றன. எதிர்ப்பொருள் தரும் எண், புரதத்தின் அளவு மட்டுமன்று. எந்த எதிர்ப்பொருள், எந்த மாதிரி, எந்த வடிவம் என்னும் மூன்று தெரிவுகளின் விளைவுமாகும். 2015இல் ‘நேச்சர்’ இதழில், ஆய்வக எதிர்ப்பொருள்கள் அவற்றின் மரபுத்தொடர் வரையறுக்கப்பட்டு உருவாக்கப்பட வேண்டும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கூட்டாக வலியுறுத்தியது இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ளத்தக்கது. பழந்தமிழ்ப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் எப்பதிப்பின் பாடம் என்று குறிப்பிடுவது கடமையாவது போல, புரத அளவொன்றை எடுத்தாளும் ஆய்வாளரும் அது எக்கருவியால் பெறப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். அக்குறிப்பு இல்லாத எண்ணைக் கொண்டு நோயாளியைப் பற்றி முடிவெடுத்தல் தகாது.