வரையாமல் விட்ட பெருக்கல் குறி

2000ஆம் ஆண்டு அக்டோபர் 31, இரவு 11.17. தைப்பேயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ006, புயல் மழைக்கு நடுவே ஓடுபாதையில் வேகமெடுத்தது. சில நொடிகளில் பாதையில் நின்ற கட்டுமான இயந்திரங்களில் மோதி உடைந்து தீப்பிடித்தது. 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். அனுமதி தந்தது 05 இடதுக்கு. விமானம் ஓடியது 05 வலதில்.

05 என்பது வரிசை எண் இல்லை. பாதையின் காந்தத் திசையைப் பத்தால் வகுத்தால் வரும் எண். அதாவது ஏறத்தாழ 50 பாகை. அதே பாதைக்கு எதிர்முனையில் பெயர் 23. பக்கத்துப் பக்கத்தில் இணையாக இரண்டு பாதைகள் இருந்தால் இடது, வலது என்று சேர்த்துக்கொள்வார்கள். சிக்கலே இங்கேதான். இணைப்பாதைகளில் திசைகாட்டி ஒரே விடையைத்தான் சொல்லும். எது இடது, எது வலது என்பதைத் தரைதான் சொல்லவேண்டும்.

தரைக்கும் மொழி உண்டு. ஓடுபாதைக் கோடுகள் வெள்ளை, டாக்ஸிவே கோடுகள் மஞ்சள். பாதையின் தொடக்கத்தில் பியானோ கட்டை மாதிரி இருக்கும் பட்டைகளை எண்ணினால் அகலம் தெரிந்துவிடும்: 45 மீட்டருக்கு 12, 60 மீட்டருக்கு 16. மூடிய பாதைக்குப் பெரிய பெருக்கல் குறி.

05 வலதின் ஒரு பகுதி கட்டுமானத்துக்காக மூடப்பட்டிருந்தது. விமானிகளுக்கும் அது தெரியும். ஆனால் மீதிப் பகுதி டாக்ஸிவேயாகப் பயன்பட்டதால், நுழைவில் பெருக்கல் குறி போடவில்லை. அதன் நடுக்கோட்டில் டாக்ஸிவேக்குரிய பச்சை விளக்குகள் எரிந்தன. நேராக 05 இடதுக்குப் போகும் வழியிலோ மஞ்சள் கோடு தொடரவில்லை. அங்கிருந்த விளக்குகளில் ஒன்று எரியவில்லை, இன்னொன்று மங்கல்.

2002இல் வந்த தைவான் விசாரணை அறிக்கை, சரியான பாதைதானா என்று விமானிகள் உறுதிசெய்யவில்லை என்பதை முதன்மைக் காரணங்களில் வைத்தது. விமான நிலையத்தின் குறைகளை 'ஆபத்துகள்' என்ற தனிப் பட்டியலில் போட்டது. சிங்கப்பூர் இதை ஏற்கவில்லை. குறைகளும் காரணம்தான் என்று வாதிட்டது.

விமானிகள் தவறவில்லை என்று சொல்லமுடியாது. நடுக்கோட்டுப் பச்சையே எச்சரிக்கைதான். சரியான பாதையில் நின்றால் இயங்கவேண்டிய கருவி ஒன்றும் அன்று அசையவில்லை. ஆனாலும் பொறியாளனாக எனக்கு அந்தப் பட்டியல் பிரிப்பு உறுத்துகிறது. குறிகளால் பேசும் இடத்தில், குறி இல்லாததும் ஒரு செய்திதான். பெருக்கல் குறி இல்லை என்றால், 'வரலாம்' என்றுதான் அர்த்தம். புயல் இரவில் விமானி படிக்கும் வாக்கியத்தில் பாதியை எழுதியது விமான நிலையம். அப்படியிருக்க, தப்பாகப் படித்ததை மட்டும் காரணம் என்றும், அரைகுறையாக எழுதியதை வெறும் ஆபத்து என்றும் எப்படிப் பிரிப்பது?